மீனில்லாத தொட்டி

விஸ்மா போகும்போது மீன்களைக் கேட்டாள்.
ஊறுகாய் போட்டு வைத்த மூன்று லிட்டர் ஜாடியில்
பதினொன்றையும் ஒவ்வொன்றாய் அள்ளிவிட்டு
தன் சால்வையைச் சுற்றி
ரீகா ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.
"செடி உன்னுடையது"
என்றாள் வாசலில்,
கடனைத் திருப்பித் தருகிற குரலில்.

நூற்றிருபது லிட்டர் தண்ணீர்,
தௌகவ்பில்ஸில் ஒரு நான்காம் மாடியில்.
டிசம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும் ஊர் இது.
எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார்:
காலியாகக் கிடப்பதற்கா
இவ்வளவு கரண்ட் பில்?

டிராம் பணிமனையில் மின்கம்பி பார்ப்பவன் நான்.
மீன் போனால் எருவும் போகும் என்பதுகூட
இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாய்
எக்ஸ்ரே போல நின்றபோதுதான் உறைத்தது.

பூட்டும் நீர்ச்செடியும் ஒரே மேசையில் விற்கிற ஃபைனா
இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு,
"இரும்பு போதவில்லை" என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
நாளெல்லாம் இரும்போடு கிடந்து
நகத்தடியில் அதையே வீட்டுக்கும் கொண்டுவருபவன்.
சிறிய புட்டி, நாலு யூரோ.
"கணுவுக்குக் கீழே வெட்டு.
தலையை மணலில் ஊன்று.
அடியைப் பிடுங்கிவிடாதே, அது
தானே இரண்டாகக் கிளைக்கும்."
மீதிச் சில்லறை தரவில்லை.

கம்பி பிடிக்கிற சாமணத்தால்
ரோட்டாலாத் தண்டுகளை ஊன்றினேன், ஏழு.
விடிந்தால் நான்கு மிதக்கும்.
மறுபடி ஊன்றினால்
இரண்டு மிதக்கும்.
பல் துலக்கும் முன்பே முழங்கைவரை நனைந்த வாரம் அது.
பிறகு ஒரு காலை
ஒன்றுமே மிதக்கவில்லை.
யாரிடம் சொல்வது?
டிராமில் ஏறி, டிக்கெட் பரிசோதகரிடம் சொன்னேன்.
"நல்லது" என்றார்.

மூலையில் இருந்த கிரிப்டோகோரைனை மட்டும்
நகர்த்தியிருக்கக் கூடாது.
அவள் நட்டது. ஆறு வருஷம் அசையாதது.
வெளிச்சத்துக்குத் தள்ளி வைத்தேன்,
நல்லதென்று நினைத்து.
ஐந்தே நாளில் இலையெல்லாம் கூழாகி
தொட்டால் விரலோடு வந்தது.

மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் போன் செய்தேன்.
"பிடுங்காதே" என்றாள், என்ன ஏதென்று கேட்காமல்.
"இலைதான் போகும். வேர் இருக்கும்.
வைத்த இடத்திலேயே விடு.
இனித் தொடாதே."
அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து அடங்கியது.
"மீன்கள்?" என்றேன்.
"ஒன்பது."

தொடாமல் இருப்பது எப்படி என்று
பிப்ரவரி முழுவதும் பழகினேன்.
வெறும் மணலைப் பார்த்தபடி சூப் குடித்தேன்.
மார்ச்சில் மணலைக் கீறிக்கொண்டு
பழுப்பாய் ஒரு சுருள்,
தீக்குச்சித் தலையளவு.

இதற்குள் ரோட்டாலா காடாகிவிட்டது.
வெட்டினால் கொட்ட மனம் வரவில்லை.
ஜாம் பாட்டில்களில் பணிமனைக்குக் கொண்டுபோனேன்.
ஃபோர்மன் ஜன்னலில் ஒன்று, சம்பளப் பிரிவில் ஒன்று.
பரிசோதகர் இரண்டு கேட்டார்.
ஃபைனாவுக்கு ஒரு கட்டு; பதிலுக்கு
வாலிஸ்நேரியா நாலு கொடுத்தாள்.
வெளியே மைனஸ் பன்னிரண்டு.
ஈரச் செய்தித்தாளில் சுற்றி
சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே வைத்து
வேகமாய் நடந்தேன், வயிறு சில்லிட.

இரண்டு வாரம் கழித்து
உள்கண்ணாடியில் படிந்த பாசியில்
யாரோ விரலால் இழுத்ததுபோல் ஒரு கோடு.
வளைந்து, நின்று, யோசித்து, திரும்பிய கோடு.
அதன் நுனியில்
மிளகளவு நத்தை.

"உடனே நசுக்கு," என்றாள் ஃபைனா,
"ஒன்று நூறாகும்."
தலையாட்டினேன்.

விளக்கை அணைக்கிற நேரம் தாண்டியும்
நாற்காலியில் இருக்கிறேன்.
அது வடிகட்டிப் பக்கம் போகிறது.
எத்தனை என்று அவள் கேட்கப்போவதில்லை.
கேட்டால்
சொல்வதற்கு ஓர் எண் இருக்கிறது.